மினி டிராக்டருக்கு ரோட்டவேட்டர்: தேர்வு செய்வது முதல் பராமரிப்பது வரை முழுமையான வழிகாட்டி

மினி டிராக்டர் வாங்கும் சிறு விவசாயி அதனுடன் சேர்த்து வாங்கும் முதல் கருவி பெரும்பாலும், சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர்தான். தென்னை வரிசைகளுக்கு நடுவே புல்லை அழிக்கவும், அறுவடை முடிந்த காட்டில் மண் கட்டிகளை உடைக்கவும், பசுந்தாள் உரத்துக்கு வளர்த்த, பூக்கும் பருவத்துத் தக்கைப்பூண்டை மண்ணோடு மடக்கவும், சேற்றுழவு செய்யவும் இந்த ஒரே கருவி பயன்படுகிறது. இத்தனை வேலைகளுக்கு உதவுவதாலேயே, எதை வாங்குவது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. நான் முதலில் வாங்கியதும் அப்படித்தான். என்னிடம் இருந்த 22 குதிரைத்திறன் டிராக்டருக்கு நாலரை அடி ரோட்டவேட்டரை எடுத்து வந்தேன். மேட்டுச் செம்மண்ணில் அது குறையில்லாமல் ஓடியது. ஆனால் கிணற்றுக்குக் கீழ்ப்புறமிருந்த களிமண்ணில் இறக்கியதும் புகைபோக்கியில் கரும்புகை கிளம்பியது, என்ஜின் சத்தம் அமுங்கியது, பத்தடி போவதற்குள் வண்டி நின்றுவிட்டது. இரண்டாம் ஆண்டே அதைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு மூன்றரை அடிக் கருவிக்கு மாறினேன்.

அந்த நஷ்டம் கற்றுக்கொடுத்ததையே இங்கே விரித்து எழுதுகிறேன். ரோட்டவேட்டரின் அகலத்தை டிராக்டரின் பி.டி.ஓ. திறனையும் (பின்புறச் சுழல்தண்டு வழியாக டிராக்டர் கருவிக்குத் தரும் திறன்) நிலத்தின் மண்ணையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். வாங்கிய பிறகு, மண் பதத்தில் இருக்கும்போது மட்டும், தேவையான அளவுக்கு மட்டுமே ஓட்ட வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912-இல் தம் தந்தையின் பண்ணையில் சுழலும் பிளேடுகளைக் கொண்டு மண்ணைக் கிளறிப் பார்த்ததுதான் இந்தக் கருவியின் தொடக்கம். அவருடைய முதல் அமைப்பு மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தது. ‘எல்’ எழுத்தைப் போல வளைந்த பிளேடுகளைச் சிறிய வட்டத் தகடுகளில் பூட்டிய பிறகே அந்தக் குறை நீங்கியது. 1920-இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று நம் கடைகளில் நிற்கும் கருவியின் அடிப்படையும் அதே அமைப்புதான்.

கொத்துக் கலப்பையை டிராக்டர் இழுக்க வேண்டும். அதற்கு வண்டியின் எடையும் டயரின் பிடிப்பும் முக்கியம். ரோட்டவேட்டரோ தன் சக்தியைப் பி.டி.ஓ. வழியாக நேரடியாகப் பெறுகிறது. மேலும், அதன் பிளேடுகள் டிராக்டரின் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழன்று மண்ணை மேலிருந்து கீழாக வெட்டுவதால், வண்டியை முன்னோக்கித் தள்ளவும் செய்கின்றன. எடை குறைந்த மினி டிராக்டருக்கு ரோட்டவேட்டர் பொருந்திப்போவது இதனால்தான். இறுகிய தரையிலும் இறக்கத்திலும் வண்டி திடீரென முன்னால் பாய்வதற்கும் காரணம் இதுவே.

அகலத்தை முடிவு செய்தல்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது என்ஜினின் குதிரைத்திறன். ரோட்டவேட்டருக்குப் போய்ச் சேருவது பி.டி.ஓ. திறன், அது எப்போதும் என்ஜின் திறனைவிடக் குறைவு. ஒரே குதிரைத்திறன் கொண்ட இரண்டு மாடல்களிடையேகூட இது கணிசமாக வேறுபடும். ஆகவே விற்பனையாளரிடம் பி.டி.ஓ. திறன் எவ்வளவு என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிறுவனம் வெளியிடும் அறிக்கைகளில், டிராக்டரைச் சோதித்துக் கண்ட பி.டி.ஓ. திறன் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். வாங்கப்போகும் மாடலின் அறிக்கையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

என் அனுபவத்தில், என்ஜின் திறன் 15 முதல் 18 வரை உள்ள வண்டிக்கு மூன்று அடிக்கு மேல் போக வேண்டாம். 20 முதல் 24 வரை உள்ளதற்கு மூன்றரை அடி பொருத்தமாக இருக்கும். 26 முதல் 30 வரை உள்ளவை நான்கு அடியை நிம்மதியாகச் சுழற்றும். இவை செம்மண்ணுக்கும் மணல் கலந்த வண்டலுக்கும் பொருந்தும் அளவுகள். நிலத்தின் பெரும்பகுதி களியாகவோ கரிசலாகவோ இருந்தால் அரை அடி குறைத்துக்கொள்ளுங்கள். அகலம் குறைவதால் இரண்டு சால் கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். திணறித் திணறி ஓடும் என்ஜின் குடிக்கும் டீசலோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பன்று.

கூடவே டிராக்டரின் பின் டயர்களை, ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் வெளி விளிம்பு வரை, டேப் வைத்து அளந்து பாருங்கள். ரோட்டவேட்டர் அந்த அளவைவிடச் சற்று அகலமாக இருந்தால்தான் டயர் அழுத்திய தடம் உழவில் மறையும். அகலமான கருவியைச் சுழற்ற வண்டிக்குத் திறன் போதாது என்றால், கருவியை ஒரு பக்கமாக நகர்த்திப் பூட்ட வசதியுள்ள மாடலைத் தேர்ந்தெடுத்து, ஒரு டயர்த் தடத்தை மூடிக்கொண்டே வரலாம். அடுத்த சாலில் மறு டயரின் தடம் மறைந்துவிடும். ஐந்து அடி இடைவெளியில் நட்ட கரும்பில் களையெடுக்க வேண்டுமானால், இருபுறமும் பயிருக்கு ஓர் அடி விட்டு மூன்று அடிக்குள் இருக்கும் கருவியே பொருந்தும். இருபத்தைந்து அடி இடைவெளியுள்ள தென்னையில் இந்தக் கவலையே இல்லை.

எடையையும் பார்க்க வேண்டும். மினி டிராக்டருக்கான ரோட்டவேட்டர்கள் பல இருநூறு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ எடை கொண்டவை. ஹைட்ராலிக் அதைத் தூக்கிவிடும். ஆனால் தூக்கிய நிலையில் வாய்க்கால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் ஸ்டியரிங் பிடிக்காது. அப்படி எழும்பும் வண்டிக்கு முன்பக்க எடைகளை மாட்டியே ஆக வேண்டும்.

கியரா, செயினா? எந்த பிளேடு?

பக்கவாட்டில் சக்தியைக் கீழே கொண்டு செல்லும் பகுதி சில மாடல்களில் செயினாகவும் சிலவற்றில் கியராகவும் இருக்கும். செயின் மாடல் விலையும் எடையும் குறைந்தது. ஆனால் செயின் தளரும், கல்லில் மோதினால் அறுந்தும் போகலாம். கல் இல்லாத தோட்டத்தில் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது போதும். வாடகைக்கும் ஓட்ட நினைப்பவர்கள் கியர் மாடலையே வாங்குங்கள். டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டில், அதிர்ச்சியைத் தாங்க, பாரம் மிகும்போது தானே உடையும் ஷியர் போல்ட் அல்லது வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் இருக்கும். ஷியர் போல்ட் உடைந்தால் அதே தரத்துப் போல்ட்டைத்தான் போட வேண்டும். கைக்குக் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டுவிட்டால், அடுத்த கல்லில் கியர்பாக்ஸ் உடையும்.

‘எல்’ வடிவப் பிளேடு நம் பெரும்பாலான மண்ணுக்கும், புல்லையும் பயிர்க் கட்டையையும் நறுக்குவதற்கும் ஏற்றது. ‘சி’ வடிவப் பிளேடின் வளைவு மென்மையானது. ஈரக் களிமண் அதில் அவ்வளவாக அப்பிக்கொள்ளாது. நெல் வயலே பிரதானம் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மானியத்தைப் பொறுத்தவரை, வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி கிடைத்த பிறகே கருவியை வாங்க வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து நாள் மட்டுமே தேவைப்படுபவர்கள், அதே துறையிலோ உள்ளூரிலோ வாடகைக்கு எடுப்பதுதான் சிக்கனம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

பி.டி.ஓ. ஷாஃப்டின் நீளத்தைச் சரிபார்க்காமல் புதுக் கருவியை ஓட்டவே கூடாது. பெரிய டிராக்டருக்கும் பொதுவாக வரும் ஷாஃப்ட் மினி டிராக்டருக்கு நீளமாக இருப்பது வழக்கம். கருவியைத் தூக்கி இறக்கும்போது டிராக்டருக்கும் கருவிக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். அது மிகக் குறையும் இடத்தில், ஷாஃப்டின் இரு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று முழுதாக இறங்கி அடியில் முட்டினால், கியர்பாக்ஸின் பேரிங்கோ டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கோ நொறுங்கும்.

சரிபார்க்கும் முறை எளிது. என்ஜினை அணைத்துவிட்டு ஷாஃப்டின் இரு பாதிகளையும் பிரித்து, ஒன்றை டிராக்டர் பக்கமும் மற்றதைக் கருவி பக்கமும் மாட்டுங்கள். ஹைட்ராலிக்கை மெல்ல உயர்த்தித் தாழ்த்தி, இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும் நிலையில் கருவியை நிறுத்தி, கீழே கட்டை கொடுத்துத் தாங்குங்கள். இப்போது இரு பாதிகளையும் அருகருகே பிடித்தால் எது எதைத் தாண்டிப் போகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒரு பாதியின் முனை மறு பாதியின் அடியை முட்டுவதற்கு மூன்று சென்டிமீட்டர் முன்பே நிற்கும்படி சாக்பீஸால் கோடு போடுங்கள். உள் குழாய், வெளிக் குழாய், அவற்றின் பிளாஸ்டிக் உறைகள் ஆகிய நான்கையும் ஒரே அளவுக்கு ஆக்ஸா பிளேடால் அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்து, உள்ளே கிரீஸ் தடவிச் சேருங்கள். இடைவெளி மிக அதிகமாகும் நிலையிலும் ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சேர்க்கும்போது, நடுக்குழாய்களின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் (கவை போன்ற இணைப்புகள்) ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். திரும்பியிருந்தால் கருவி உதறும், ஷாஃப்டை வளைந்து சுழலவிடும் சிலுவை மூட்டான யு.ஜே. கிராஸ் ஒரு பருவத்துக்குள் போய்விடும்.

பூட்டி முடித்ததும் சமதரையில் கருவியை இறக்கி, பக்கவாட்டில் மட்டம் பாருங்கள். கருவியின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க்கைத் திருகி, வேலை செய்யும் ஆழத்தில் கியர்பாக்ஸ் தரைக்கு இணையாக வரும்படி அமைத்தால் ஷாஃப்ட் அதிகம் வளையாமல் சுழலும். பக்கச் சங்கிலிகளைக் கருவி ஆடாத அளவுக்கு இறுக்குங்கள். ஹைட்ராலிக்கை, கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோலில் வைத்து ஓட்டுங்கள். இழுவைக்கேற்ப ஆழத்தை மாற்றும் டிராஃப்ட் கண்ட்ரோல் இழுவைக் கலப்பைக்கு உரியது. ஆழத்தை நிர்ணயிப்பது இருபுறமும் உள்ள சறுக்குத் தகடுகள். அவை இரண்டும் ஒரே துளையில் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

மண் பதம்

எவ்வளவு நல்ல கருவியானாலும் பதம் தவறிய மண்ணில் அது கேடே செய்யும். ஈரம் மிகுந்த மேட்டு நிலத்தில் ஓட்டினால் பிளேடு மண்ணை வெட்டாமல் வழித்தெடுக்கிறது. வழித்த இடம் காய்ந்ததும் ஓடுபோல் இறுகிவிடும். காய்ந்து போன மண்ணில் ஓட்டினால் மண்ணின் கட்டமைப்பு உடைந்து மாவாகிறது. அடுத்த மழையில் அந்த மாவு மேலே படிந்து பொறுக்குத் தட்டி, விதையை முளைக்கவிடாது.

நான் செய்வது இது. வண்டியை எடுப்பதற்கு முன், உழப்போகும் ஆழத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய நான்கு விரற்கடை கீழேயிருந்து, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடித்து உருண்டையாக்குகிறேன். உருண்டையே பிடிபடாமல் விரலிடுக்கில் உதிர்ந்தால், தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் பொறுக்கிறேன். உருண்டை பிடிபட்டால் அதை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுகிறேன். தரையில் விழுந்ததும் பொலபொலவென்று உடைந்தால் அதுதான் உழவுக்குரிய பதம். அப்பமாகத் தட்டையாகிக் கிடந்தாலோ உள்ளங்கையில் ஈரப் பசை ஒட்டியிருந்தாலோ அன்றைக்கு வண்டியை எடுப்பதில்லை. செம்மண்ணில் இந்தப் பதம் சில நாள் நீடிக்கும். கரிசலில் ஓரிரு நாளில் கைவிட்டுப் போய்விடும். கரிசல்காட்டுக்காரர்கள் அந்த நாளுக்காகவே வண்டியைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஓட்டும் முறை

நீண்ட நாள் தரிசாகக் கிடந்த நிலத்தில் நேரடியாக ரோட்டவேட்டரை இறக்காதீர்கள். முதலில் ஐந்து கொத்துக் கலப்பையால் ஓர் ஓட்டு ஓட்டி, வெளியே வரும் கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, அதற்குக் குறுக்காக ரோட்டவேட்டரை ஓட்டுங்கள். பிளேடும் பிழைக்கும், டீசலும் மிச்சமாகும்.

தொடங்கும்போது கருவியைத் தரைக்குச் சற்று மேலே வைத்து, என்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுப் பி.டி.ஓ.வைப் போடுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரைக் கூட்டி, மீட்டரில் 540 (பி.டி.ஓ.வின் நிமிடச் சுற்று) என்று குறித்த இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பிளேடு முழு வேகத்தில் சுழல்கையில், லோ கியரில் நகர்ந்துகொண்டே மெல்ல இறக்குங்கள். நின்ற இடத்திலேயே பொத்தென்று இறக்கினால் ஷியர் போல்ட் உடையும். 540 ‘இ’ வசதியுள்ள வண்டிகளில், குறைந்த என்ஜின் வேகத்திலேயே பி.டி.ஓ. 540 சுற்றை எட்டும். இளகிய மண்ணில் மேலோட்டமாகக் களை அடிக்க அது டீசலை மிச்சப்படுத்தும்; களிமண்ணில் முழு ஆழத்துக்கு அது உதவாது.

மண் எவ்வளவு பொடியாகும் என்பதை முன்னேறும் வேகம்தான் தீர்மானிக்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். பிளேடுகள் பூட்டிய சுழல் உருளையான ரோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது என்றும், ஒவ்வொரு வட்டத் தகட்டிலும் ஒரு பக்கத்துக்கு மூன்று பிளேடு இருக்கிறது என்றும் கொள்வோம். அப்போது நிமிடத்துக்கு 600 வெட்டு விழும். வண்டி மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 மீட்டர் நகர்கிறது. ஆகவே ஒவ்வொரு வெட்டும் ஏழு சென்டிமீட்டர் மண்ணை எடுக்கிறது. வேகத்தை ஐந்து கிலோமீட்டராக்கினால் அது பதினான்கு சென்டிமீட்டராகி, கட்டி கட்டியாக விழும். காய்கறி நாற்றங்காலுக்கு மெதுவாகப் போங்கள். மஞ்சளுக்கோ வாழைக்கோ முதல் உழவு என்றால் அவ்வளவு பொடி தேவையே இல்லை. சற்று வேகமாகப் போய், பின்பக்கத் தகட்டையும் சங்கிலியில் தூக்கிக் கட்டிவிடுங்கள். தகடு தாழ்ந்திருந்தால் மண் அதில் மோதி மேலும் நொறுங்கும். உயர்ந்திருந்தால் கட்டியாகவே வெளியேறும்.

நான்கு அடிக் கருவி இந்த இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சால் மேல் சால் விழுவதையும் கழித்தால், ஓர் ஏக்கரை முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். வாடகைக்கு வரும் வண்டி இதில் பாதி நேரத்தில் முடித்தால், ஒன்று கருவி அகலமானது, அல்லது உங்கள் காடு அரைகுறையாக உழப்பட்டிருக்கிறது.

வரப்பை நெருங்கியதும் கருவியைத் தூக்கிய பிறகே திரும்புங்கள். தூக்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்துங்கள், மேலே தூக்கி ஷாஃப்ட் வளைந்த நிலையில் சுழன்றால் யு.ஜே. கிராஸ் அடிபடும். பிளேடு மண்ணில் இருக்கும்போது ஸ்டியரிங்கை ஒடிக்கவோ பின்னால் வரவோ கூடாது.

தென்னையில் மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் ரோட்டவேட்டரைக் கொண்டு போகாதீர்கள். உரத்தையும் நீரையும் எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அந்த வட்டத்தில் மண்வெட்டியே போதும். சேற்றுழவில், வண்டி புதையாமல் இருக்க இரும்புக் கூண்டுச் சக்கரம் தேவைப்படும். மாலையில் பக்க கியர்பாக்ஸின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். சீலை மாற்றி, புது ஆயில் ஊற்றாமல் மறுநாள் வயலில் இறங்கக் கூடாது.

கோரை உள்ள காட்டில்

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் ரோட்டவேட்டரால் மடக்கினால் அது நல்ல எருவாகும். கோரையும் அறுகும் அப்படியல்ல. கோரையின் கிழங்குகள் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்திருக்கும். சங்கிலி அறுபடாதவரை அவற்றில் பல உறங்கிக் கிடக்கும். பிளேடு அதை அறுத்துக் காடெங்கும் பரப்பியதும் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கும். அறுகின் தண்டுத் துண்டுகளும் அவ்வாறே. உழுத மறுநாள் சுத்தமாகத் தெரிந்த காடு மூன்றாம் வாரத்தில் பச்சைக் கம்பளமாவதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் பலர். இப்படிப்பட்ட நிலத்தில் கோடையில் கொத்துக் கலப்பையால் ஆழமாகக் கிளறி, வேரையும் கிழங்கையும் மேலே கொண்டு வந்து வெயிலில் காயவிட்டு, பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். ரோட்டவேட்டருக்கு அதன் பிறகுதான் இடம்.

எத்தனை முறை ஓட்டலாம்?

‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்பார்கள் பெரியவர்கள். ரோட்டவேட்டர் அகல உழும் கருவி. மினி டிராக்டரில் நான்கு முதல் ஐந்து அங்குலத்துக்கு மேல் அது இறங்குவதில்லை. ஆண்டுதோறும் அதே ஆழத்தில் பிளேடின் முனை தட்டிக்கொண்டே இருந்தால், அந்த ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு தளம் உருவாகும். மழைநீர் அதற்குக் கீழே இறங்காது. மேலேயே தேங்கி வழிந்து ஓடும். பருத்தி, துவரை போன்றவற்றின் ஆணிவேர் அங்கே முட்டி மடங்கிவிடும். ஒரு கம்பியைத் தரையில் குத்திப் பாருங்கள். ஐந்து அங்குலம் வழுக்கிக்கொண்டு இறங்கி அதற்குப் பிறகு முரண்டு பிடித்தால் தளம் உருவாகிவிட்டது.

ஒரு பயிருக்கு ஒரு முறை, தவறினால் இரண்டு முறை என்பதே என் வரம்பு. அதோடு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கோடையில், பெரிய டிராக்டரை வாடகைக்கு எடுத்து, உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். மினி டிராக்டரால் அந்த வேலை ஆகாது; முயலவும் வேண்டாம்.

உயிருக்குப் பாதுகாப்பு

பி.டி.ஓ. ஷாஃப்ட் ஒரு விநாடியில் ஒன்பது சுற்று சுற்றுகிறது. தொங்கும் துண்டின் நுனியோ, அவிழ்ந்த வேட்டியோ, சேலை முந்தானையோ அதில் பட்டால், ஒரு விநாடிக்குள் ஒரு மீட்டருக்கு மேல் துணி சுருட்டப்பட்டுவிடும். கையை உதறி மீள நேரமே இருக்காது. ஆகவே ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றே மாற்றுங்கள். கால்சட்டை அணிந்து, துண்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். உழவின் பின்னே புழு பொறுக்க வரும் கொக்குகளைப் பார்க்கக் குழந்தைகள் ஓடி வருவார்கள். அவர்களை வரப்போடு நிறுத்துங்கள். மட்கார்டில் ஆள் உட்கார வைக்காதீர்கள். பிளேடில் சணலோ சொட்டுநீர்க் குழாயோ சுற்றிக்கொண்டால், பி.டி.ஓ.வை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டு, ரோட்டார் முழுவதும் நின்ற பிறகே கையை வையுங்கள். தூக்கிய கருவிக்கு அடியில் கட்டை கொடுக்காமல் கையையோ தலையையோ நுழைக்கவே வேண்டாம்.

பராமரிப்பு

எட்டு மணி நேரம் ஓடினால் யு.ஜே. கிராஸ்களுக்கும் ஷாஃப்டின் குழாய்களுக்கும் கிரீஸ் அடியுங்கள். கியர்பாக்ஸ்களில் கையேடு சொல்லும் கியர் ஆயிலை ஊற்றி, வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். புதுக் கருவியில் முதல் இரண்டு மணி நேரம் ஓடியதும் எல்லா பிளேடு போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். தளர்ந்த போல்ட் துளையை அகலப்படுத்திவிட்டால் வட்டத் தகட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

பிளேடு தேய்ந்தால் புகை கூடும், ஆழம் குறையும். மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றாதீர்கள். பிளேடுகள் ரோட்டாரில் திருகு வரிசையில் அமைந்திருப்பதால், இடது, வலது மாறினால் கருவி ஒரு பக்கமாகத் துள்ளும். ஒரு வட்டத் தகட்டை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பிளேடின் கூர்ப்பக்கம் சுழலும் திசையை நோக்கி இருக்கட்டும். பருவம் முடிந்ததும் மண்ணைக் கழுவி, ரோட்டாரின் இரு ஓரங்களிலும் பேரிங் அருகே சுற்றியிருக்கும் நாரையும் கம்பியையும் கத்தியால் அறுத்தெடுத்து, பிளேடுகளில் பழைய ஆயிலைத் தடவி, பலகை மேல் இறக்கி வையுங்கள்.